முதலில் ஊற்றுவது யார்

இரண்டு நாட்களாக எனக்கு எதிலும் கை ஓடவில்லை. குழம்பில் உப்புப் போட்டாயா என்று என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். காரணம் ஒரு வீடியோ. ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த ப்ரீத்தி அனுப்பியது. "ஆண்டி, இது உங்க ப்ராஜெக்ட்தானே? இதைப் பத்தி நீங்க எழுதியே ஆகணும். எங்க டீம்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு இதோட கதை ஒண்ணுமே தெரியல" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

வீடியோவில் இருந்தவர்கள் இரண்டு நாடுகளின் அமைச்சர்கள். உலக உருண்டையில் ஒன்றின் மேல் விரலை வைத்தால் இன்னொன்றைப் பார்க்க உருண்டையைத் திருப்ப வேண்டும், அவ்வளவு தூரம். இரண்டுக்கும் பொதுவான மொழி இல்லை, மதம் இல்லை, சாப்பாடு இல்லை. இரண்டிலும் பூமிக்குள் எண்ணெய் இருக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கு இரண்டு தலைநகரங்களிலும் தூதரகம் இருக்கிறது, நேரடி விமானம் பறக்கிறது, இந்த நாட்டுப் பிள்ளைகள் அந்த நாட்டில் போய்ப் படிக்கிறார்கள். ஒவ்வொரு புதிய ஒப்பந்தத்தின்போதும் இரு நாட்டு அமைச்சர்களும் தத்தம் எண்ணெயை ஒரே கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். ஏன் அப்படி ஊற்றுகிறார்கள் என்று நரைத்த தலையுடன் ஒருவர் மைக்கின் முன்னால் விளக்கினார். அவர் சொன்னது பச்சைப் பொய். அந்தப் பொய்யைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்ன பொய் என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நாடுகளின் பெயரைக் கேட்காதீர்கள். வேலையில் சேர்ந்தபோது ரகசியம் காப்பேன் என்று போட்ட கையெழுத்து நான் ரிட்டையர் ஆன பிறகும் ரிட்டையர் ஆகவில்லை. ஒன்றை ஆற்று நாடு என்கிறேன். இன்னொன்றைப் பாலை நாடு என்கிறேன். உங்களுக்கு அது போதும்.

நான் ஈரோட்டுக்காரி. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணம் ஆகி, வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் ஹூஸ்டன் வந்து, சில வருஷம் வீட்டுச் சுவரைப் பார்த்து, க்ரீன் கார்டு வந்த வாரமே விண்ணப்பம் போட்டு ஒரு எண்ணெய் லேபில் சேர்ந்தேன். கச்சா எண்ணெய்க்கு ரத்தப் பரிசோதனை செய்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலிலிருந்தும் கிணற்றிலிருந்தும் சாம்பிள் வரும். அதில் கந்தகம் எவ்வளவு, மெழுகு எவ்வளவு, எந்தச் சூட்டில் என்ன பிரியும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். நான் டெக்னீஷியனாக நுழைந்து சீனியர் கெமிஸ்டாக வெளியே வந்தேன். நடுவில் இருந்ததெல்லாம் எல்லார் வேலையிலும் இருப்பதுதான், அதை விடுங்கள்.

தலைமை கெமிஸ்ட் அருளப்பு சார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். வளைகுடாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் பல வருஷம் இருந்துவிட்டு அமெரிக்கா வந்தவர். அப்போது லேபில் நாங்கள் இருவர்தான் தமிழர். வேலை முழுக்க ஆங்கிலத்தில் ஓடும், ஏதாவது கோளாறு என்றால் மட்டும் அவர் தமிழுக்கு மாறுவார். அவர் "தமயந்தி, இங்க வாரும்" என்றால் கையில் இருப்பதை வைத்துவிட்டு ஓடுவேன்.

மனிதர் உட்கார மாட்டார். அவர் நாற்காலியில் எப்போதும் அவருடைய கோட்டுதான் உட்கார்ந்திருக்கும். குரலை உயர்த்தவும் மாட்டார். உயர்த்தியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவரோ நாம் செய்த சோதனையை நம் எதிரிலேயே முதலிலிருந்து திரும்பச் செய்வார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட நாலு வசவு வாங்கிக்கொள்ளலாம்.

அவருக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. அதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். இரண்டு எண்ணெய்கள் ஒத்துப்போகுமா என்று பார்ப்பது. கலவையைச் சொன்ன சூட்டில் வைத்து, சொன்ன நேரம் கலக்கி, கண்ணாடிக் குச்சியால் ஒரே ஒரு சொட்டு எடுத்து வடிதாளில் வைக்க வேண்டும். குச்சி தாளைக் குத்தக் கூடாது. தாளை அடுப்பில் காய வைத்துப் பிறகு வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். பழுப்புப் பொட்டு ஓரம் வரைக்கும் ஒரே சீராக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகிற எண்ணெய். பொட்டின் நடுவே கறுப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தால் இரண்டும் சேராது. ஈரமாக இருக்கும்போது எல்லாப் பொட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் தாள் காயும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. ஒரு முறை கப்பல் வியாபாரி ஒருவர், துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது, உத்தேசமாகவாவது சொல்லுங்கள் என்று அவர் பின்னாலேயே அலைந்தார். "பேப்பர் காயட்டும்" என்று எங்களிடம் சொல்கிற அதே பதிலை அவருக்கும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சார் அடுப்பின் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த ஆளும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வளையம் விழுந்த தாள் வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி விசித்திரமாக இருக்கும். "ஆர் இறங்கி வழிக்கிறது?"

புதிதில் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். சேராத எண்ணெய்களைக் கலந்தால் தார் பிரிந்து தொட்டியின் அடியில் கசடாகப் படியும். பம்ப் அடைத்துக்கொள்ளும். எண்ணெயை இறைத்த பிறகு அந்தக் கசட்டை ஆட்கள் உள்ளே இறங்கித்தான் வழித்தெடுக்க வேண்டும். கசடு நச்சு வாயுவைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும், மண்வெட்டி பட்டதும் விடும். வளைகுடாவில் அப்படி ஒரு தொட்டி, அவர் சரி பார்த்து அனுப்பிய கலவை அல்ல, யாரோ அவசரத்தில் கலந்தது, அதை வழிக்க இறங்கியவர்களில் மன்னாரைச் சேர்ந்த பையன் ஒருவன் ஏறி வரவில்லை. அவனுடைய பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்பியது அருளப்பு சார்தான்.  அன்றைக்குப் பிறகு வடிதாளில் கறுப்பு வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அந்தக் கேள்விதான் வந்தது.

இப்போது அந்த இரண்டு நாடுகளுக்கு வருகிறேன். பத்து வருஷம் இருக்கும். ஆற்று நாட்டின் எண்ணெய் கனமானது, வெல்லப்பாகு மாதிரி ஒழுகும். நிறையத் தார் அதில் கரைந்து கிடக்கும். குழாயில் தள்ளுவதே பாடு. பாலை நாட்டின் எண்ணெய் வெளிர் டீ நிறம், தண்ணீராக ஓடும். கன எண்ணெய்க்கென்று கட்டிய ஆலைகள் அதை மட்டும் வாங்கத் தயங்கும். இரண்டையும் சேர்த்தால் இரண்டுக்கும் நல்ல சந்தை. இந்த இரண்டு நாடுகளும் கை குலுக்கிக்கொள்ளக் காரணமே இதுதான். பாலை நாட்டுக் கப்பல் ஆற்று நாட்டுத் துறைமுகத்துக்கு வரும், அங்கே கட்டியிருக்கும் புதிய தொட்டிகளில் கலவை நடக்கும், இரண்டு நாடுகளும் சேர்ந்து விற்கும். கலவை சரிவருமா என்று சொல்லும் வேலை எங்கள் லேபுக்கு வந்தது.

மாதக்கணக்கில் செய்தோம். சரிவரும், ஆனால் ஒரு நிபந்தனை. தொட்டியில் முதலில் கன எண்ணெய் இருக்க வேண்டும். அதில் மெல்லிய எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கன எண்ணெய் மூன்றுக்கு மெல்லியது ஒன்று என்ற அளவு வரைக்கும் தார் கரைந்தபடியே கிடக்கும். வரிசையை மாற்றி, மெல்லிய எண்ணெயில் கன எண்ணெயை ஊற்றினால், எலுமிச்சை பட்ட பால் மாதிரி திரிந்து கட்டி கட்டியாக அடியில் உட்காரும். எந்த வரிசையில் ஊற்றினாலும் கடைசியில் அளவு ஒன்றுதான். ஆனாலும் திரிந்தது திரிந்ததுதான், லேசில் மறுபடி கரையாது. இதை சார் தெளிவாக எழுதி, கோடு போட்டு அனுப்பினார். மேலே இருந்தவர்கள் அமைச்சர்களுக்கென்று அதைச் சுருக்கியபோது 'கலவை சரிவரும்' என்பது தங்கிவிட்டது, 'ஆனால்' பறந்துவிட்டது.

ஒப்பந்தம் கையெழுத்தாவது ஹூஸ்டனில் என்று முடிவாயிற்று. இரு நாட்டுக்கும் பொதுவான ஊர், இரு நாட்டுக் கம்பெனிகளுக்கும் இங்கே ஆபீஸ் இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் இரண்டு அமைச்சர்களும் தங்கள் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றுவது என்று ஆற்று நாட்டின் விருந்தோம்பல் அதிகாரிக்கு யோசனை வந்தது. அவர் பெயர் ஹோரேஸ். எந்த ஹோட்டலும் கச்சா எண்ணெயை உள்ளே விடாது என்பதால் ஊற்றுகிற சடங்கை மட்டும் எங்கள் லேபில் வைத்துக்கொள்ள ஏற்பாடு. அதற்காக எங்களைப் பார்க்க வந்தார்.

ஹோரேஸ் நல்ல மனிதர். பளபளவென்று ஷூ, பேச்சில் அப்படி ஒரு மரியாதை. அளவைப் பற்றி அவருக்குத் தகராறு இல்லை. பெரிய ஜாடி தங்கள் நாட்டுடையது என்பதில் பெருமைதான். எங்கள் ஹூட், அதாவது புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டு, அதற்குள் அமைச்சர்கள் கையுறை போட்டுக் கையை விட்டு ஊற்ற வேண்டும் என்றதற்கும் சரி என்றார். வரிசைக்கு வந்தோம். முதலில் ஊற்றுவது பாலை நாட்டு அமைச்சர் என்றார் ஹோரேஸ். சார், முடியாது, உங்கள் எண்ணெய்தான் முதலில் என்றார். ஹோரேஸ் அதிர்ந்துவிட்டார். கலவை நடக்கப்போவது தங்கள் துறைமுகத்தில், ஆகவே தாங்கள்தான் வீட்டுக்காரர்கள், விருந்தாளியை நிற்க வைத்துவிட்டு வீட்டுக்காரன் முந்திக்கொள்வதா, அப்படி ஒரு அவமரியாதை தங்கள் நாட்டில் நடக்கவே நடக்காது என்றார். எனக்கு அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. எங்கள் கல்யாணங்களிலும் விருந்தாளிக்குத்தானே முதல் பந்தி. வீட்டு ஆட்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தால் சம்பந்தி வீட்டார் சும்மா விடுவார்களா?

சார் அவர் எதிரிலேயே இரண்டு வரிசையிலும் கலந்து, சொட்டு வைத்து, தாளைக் காய வைத்துக் காட்டினார். ஒன்றில் சீரான பொட்டு. ஒன்றில் கறுப்பு வளையம். ஹோரேஸ் இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, புரிகிறது, ஆனால் இந்த வரிசையை இரண்டு வெளியுறவுத் துறைகளும் வாரக்கணக்கில் பேசி முடித்துவிட்டன, இப்போது மாற்றினால் பாலை நாட்டுக்காரர்கள் இதில் ஏதோ உள்நோக்கம் பார்ப்பார்கள் என்றார். பிறகு எங்களைச் சமாதானப்படுத்துவதற்காக ஒன்று சொன்னார். அதுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

இது ஒரு கிண்ணம்தானே, கவலைப்படாதீர்கள். துறைமுகத்திலும் இதே வரிசைதான், முதல் தொட்டியின் வால்வை எங்கள் அதிபரே திறந்து விருந்தாளியின் கப்பலை முதலில் வாங்கிக்கொள்ளப் போகிறார், அங்கே பார்க்க இன்னும் அழகாக இருக்கும்.

அருளப்பு சாரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். மலைபோன்ற தொட்டி, அதில் முழுக்க மெல்லிய எண்ணெய், அதன் மேல் கன எண்ணெய்.  அன்றே சார் ஆற்று நாட்டுத் துறைமுகத்துக்கு எழுதினார். விழா ஏற்பாடு எங்கள் கையில் இல்லை என்று பதில். எங்கள் வணிகப் பிரிவுக்கு எழுதினார். வாடிக்கையாளரின் நாட்டு வழக்கத்தில் நாம் தலையிடக் கூடாது என்று பதில். எனக்கு நம்பவே முடியவில்லை. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், ஒரு மரியாதைக்காக ஆட்களைக் குழியில் இறக்கப் போகிறார்கள், அது அவர்கள் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் வைஸ் பிரசிடெண்ட் ரான்டி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்குக் கவலை தொட்டியைப் பற்றி இல்லை, கேமராவைப் பற்றி. கிண்ணத்தில் திரிந்தால் கம்பெனி மானம் போகும். அதனால் வெளிர் எண்ணெயில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் டொலுவீன் சேர்த்துவிடுங்கள் என்றார். டொலுவீன் தாரைக் கரைத்து வைத்திருக்கும் திரவம், எங்கள் அலமாரியிலேயே இருப்பது. அதைச் சேர்த்தால் எந்த வரிசையில் ஊற்றினாலும் திரியாது. இது சோதனை இல்லை, வெறும் காட்சி, இதில் என்ன தப்பு என்று தோளைக் குலுக்கினார்.

சார் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிண்ணத்தில் அழகாகக் கலந்தால், இதோ பாருங்கள், எந்த வரிசையிலும் சேர்கிறது என்று தொட்டியிலும் அதையே செய்வார்கள். அந்தக் கலப்படத்துக்கு இவரும் உடந்தையா? சாம்பிள் பாட்டிலைத் திறந்து வைத்தாலே சத்தம் போடாமல் மூடிவிட்டு நம்மை ஒரு பார்வை பார்க்கிற மனிதர். ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். அவர் மனைவி மேரி அக்காவுக்கு அப்போது புற்றுநோய்க்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. அந்த வைத்தியத்துக்கான இன்ஷூரன்ஸை எங்கள் கம்பெனிதான் கொடுத்தது. வேலை போனால் அதுவும் போகும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரிடாரில் நிறுத்திக் கேட்டே விட்டேன்.

"சார், நீங்க கலக்கப் போறீங்களா?"

"பேப்பர் காயட்டும், தமயந்தி" என்றார். அவ்வளவுதான்.

சடங்கு நாள் வந்தது. லேபைத் துடைத்துத் துடைத்து எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டு அமைச்சர்களும் வெள்ளைக் கோட்டு, பாதுகாப்புக் கண்ணாடி, நீலக் கையுறையில் ஹூட்டின் முன்னால் நின்றார்கள். பாலை நாட்டு அமைச்சருக்குக் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பின்னால் இரண்டு கொடிகள், கேமராக்கள், மூச்சுப் பிடித்து நிற்கும் ஹோரேஸ். பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தது அருளப்பு சார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

பாலை நாட்டு அமைச்சர் முதலில் ஊற்றினார். கண்ணாடிக் கிண்ணத்தில் வெளிர் பொன்னாகத் தளும்பியது. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்து ஆற்று நாட்டு அமைச்சர் பெரிய ஜாடியைச் சாய்த்தார். கறுப்பாகத் தடித்த கயிறு போல் எண்ணெய் இறங்கியது. அடியைத் தொட்டது, சுருண்டது. சுருண்ட இடத்திலிருந்து துகள் துகளாகப் பிரிய ஆரம்பித்தது. அவர் ஊற்ற ஊற்றக் கறுப்புத் துணுக்குகள் எழுந்து சுழன்று, கண்ணாடிச் சுவரில் அப்பி, வழுக்கி, அடியில் சேற்றைப் போலக் குவிந்தன. கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஹூட்டின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.  சார் ஒரு சொட்டும் கலக்கவில்லை!

பாலை நாட்டு அமைச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது என்ன என்று மெதுவாகக் கேட்டார். ரான்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அருளப்பு சார் ஒரு அடி முன்னால் வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன். "ஐயா, உங்கள் எண்ணெய் நல்லது. அவர்கள் எண்ணெயும் நல்லது. வரிசைதான் தப்பு. நாளைக்குத் தொட்டியிலும் இதே வரிசையில் ஊற்றப் போகிறார்கள். அடியில் இருக்கும் இதை வழிக்க மனிதர்கள் உள்ளே இறங்க வேண்டும். அதில் சிலர் ஏறி வர மாட்டார்கள்."

 ஆற்று நாட்டு அமைச்சரின் கையிலிருந்த காலி ஜாடியின் வாயிலிருந்து எண்ணெய் அவர் வெள்ளைக் கோட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை. ஹோரேஸின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நாட்டின் மானமே தன் தலையில் கொட்டினாற்போல் நின்றார்.

அன்று மதியமே சாரை வேலையை விட்டு நீக்கினார்கள். வாடிக்கையாளரை அவமதித்தார், மேலதிகாரி சொன்னதை மீறினார் என்று காரணம். நான் நேராக ரான்டியின் அறைக்குப் போய்க் கத்தினேன். கொடுத்த சாம்பிள் சுத்தமானது, அவர் செய்ததில் என்ன தப்பு என்று கேட்டேன். ரான்டி என்னை நிமிர்ந்து பார்த்து, சாம்பிள் சரியாக இருந்தது, அதுதானே பிரச்சினை என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். 

சாரின் காரை மேரி அக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்ததால் நான்தான் அவரை வீட்டில் விட்டேன். மடியில் ஒரு அட்டைப் பெட்டி.  இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்க்ராஃப்ட் தெரு வந்ததும் டீ குடிப்போமா என்று கேட்டார். கடையில் உட்கார்ந்தோம். மனிதர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏனுங்க சார் இப்படிப் பண்ணீங்க? அக்கா ட்ரீட்மென்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "மேரிட்டக் கேட்டுட்டுத்தான் செய்தனான். கலந்துபோட்டு வந்தா வீட்டுக்கு வராதையுங்கோ எண்டவ." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பெடியன்ர பெட்டிய ரெண்டாம் முறை கட்ட என்னால ஏலாது, தமயந்தி" என்றார்.

கடையில் இருந்தவர்கள் பார்ப்பது தெரிந்தும் நான் அழுதேன்.

அவர்கள் வீட்டை விற்றுவிட்டு நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் மகளிடம் போனார்கள். வைத்தியம் அங்கே தொடர்ந்தது. எப்படிச் சமாளித்தார்கள் என்று அவர்கள் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் போன் பேசுவோம், வேலையைப் பற்றிப் பேச மாட்டோம். கையெழுத்து சில வாரம் தள்ளிப் போய்ப் பிறகு நடந்தது. அந்த வேலையை எங்களிடமிருந்து எடுத்து வேறொரு லேபுக்குக் கொடுத்துவிட்டார்கள். தொட்டியில் எந்த வரிசையில் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியவே இல்லை. யாரைக் கேட்பது? ஆற்று நாட்டில் விபத்து என்று எங்கேயாவது செய்தி வருகிறதா என்று வருஷக்கணக்கில் பயந்து பயந்து தேடியிருக்கிறேன்.

இப்போது ப்ரீத்தி அனுப்பிய வீடியோ. நரைத்த தலையுடன் மைக்கின் முன்னால் நின்றது ஹோரேஸ். ஆள் இளைத்துவிட்டார், ஷூ மட்டும் அதே பளபளப்பு. அவருக்குப் பின்னால் ஆற்று நாட்டு அமைச்சர் முதலில் ஊற்றினார், கறுப்பாக. பாலை நாட்டு அமைச்சர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்று, பிறகு தன்னுடையதை மெல்ல மெல்லச் சேர்த்தார். கிண்ணம் சீராகப் பளபளத்தது. நிருபர் ஒரு பெண் கேட்டாள், வீட்டுக்காரர் முந்திக்கொள்வது வினோதமாக இல்லையா என்று. ஹோரேஸ் கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னார். இது எங்கள் நாட்டின் மிகப் பழைய வழக்கம். வீட்டுக்காரன் தன்னுடையதை முதலில் கிண்ணத்தில் வைத்து இது தூய்மையானது என்று காட்டுவான், அதன் பிறகே விருந்தாளி தன்னுடையதைச் சேர்ப்பான். எங்கள் முன்னோர் செய்தது. துறைமுகத்தில் ஒவ்வொரு தொட்டியிலும் இன்று வரைக்கும் இப்படித்தான் செய்கிறோம், இதை யாரும் மீற மாட்டார்கள்.

முன்னோராவது, மண்ணாங்கட்டியாவது! எதிர்த்து நின்றதே இந்த ஆள்தான். ஒரு மனிதரின் வேலை போனது, ஒரு வீடு போனது, அவர் பெயர் எங்கேயும் இல்லை, எல்லாவற்றையும் முன்னோர் வாங்கிக்கொண்டார்கள். கோபத்தில் போனை சோபாவில் எறிந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. கோடு போட்டு எழுதிய அறிக்கையைச் சுருக்கலாம், கெமிஸ்ட் மாறினால் மறக்கலாம். முன்னோர் வழக்கத்தை எந்த அமைச்சர் மாற்றத் துணிவார்? சாரின் ஒரு வரியை யாரும் கை வைக்க முடியாத இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார் இந்த மனிதர்.  ப்ரீத்தியைக் கூப்பிட்டு, அந்தத் தொட்டிகளைப் பற்றிக் கேட்டுச் சொல் என்றேன். அவள் அந்தத் துறைமுகத்தோடு வேலை செய்கிறவள், விசாரித்துச் சொன்னாள்.

நேற்று நியூஜெர்சிக்குப் போன் போட்டேன். மேரி அக்காதான் எடுத்தார். குரல் கணீரென்று இருந்தது. சார் பேரப்பிள்ளையின் ஸ்கூல் பஸ்ஸுக்காக வாசலில் நிற்கிறார் என்று சொல்லி, போனைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சாருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். நான் உரக்க, விவரமாக, ஹோரேஸின் முன்னோர் கதை வரைக்கும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். திட்டினாலும் திட்டுவார் என்று நினைத்தேன்.  

"ஆராவது இறங்கினவையோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார். இது வரைக்கும் ஒருத்தரும் இறங்கல. தொட்டி அடியில வழிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையாம்."

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பத்து வருஷமாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு மாதிரி.

"அப்ப பேப்பர் காஞ்சிட்டுது" என்றார். "பஸ் வருது, வைக்கிறன்."